கப்பி இறுகுகிறது, கயிறு நீள்கிறது, பந்து சுவரைத் தாண்டுகிறது: இயற்பியல் சிமுலேஷனில் பிழை நீக்கும் வழிமுறை

நெம்புகோல், கப்பி, சாய்தளம், பற்சக்கரம் என்று திரையில் வரைந்து ஓடவிட்டுப் பார்க்கும் மென்பொருள்களில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சுட்டியால் வரைந்தே ஓட்டிப் பார்க்கும் அல்கோடூ மென்பொருளில் வண்டி செய்கிறவருக்கு வருவதும், பாக்ஸ்2டி அல்லது மேட்டர் ஜேஎஸ் என்ற இயற்பியல் நிரல் தொகுப்புகளை வைத்துச் சொந்தமாக நிரல் எழுதுகிறவருக்கு வருவதும் கிட்டத்தட்ட ஒன்றே. "மென்பொருளில் ஏதோ பிழை" என்று என்னிடம் வரும் காட்சிகள் பெரும்பாலானவற்றில் மென்பொருள் ஒழுங்காகத்தான் இருக்கும். வரைந்த பொருளின் அளவு, எடை, இணைப்பு, இந்த மூன்றில் ஏதோ ஒன்று இடறியிருக்கும். கீழே அறிகுறிவாரியாகக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கைச்செலவில்லாத காரணம் முதலில், பெரிய வேலை கடைசியில்.

## எதையும் தொடுமுன்

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். அப்புறம் ஓட்டத்தை நிறுத்தி, தொடக்க நிலைக்குத் திரும்புங்கள். பாதி ஓடிச் சிதறிய நிலையில் சேமித்துவிட்டு அதிலேயே திருத்தத் தொடங்கினால், எது மூலக்காரணம் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. புதுக் காட்சி திறந்து, காற்றுத் தடையை அணைத்து, ஒரு பந்தைத் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் விடுங்கள். ஏறக்குறைய 1 நொடியில் தரையைத் தொட வேண்டும். தொட்டால் மென்பொருளும் ஈர்ப்பும் சரி, குற்றம் உங்கள் காட்சியில். தொடவில்லை என்றால் நேராக 'எல்லாம் மெதுவாக மிதக்கிறது' என்ற தலைப்புக்குப் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். உராய்வையும் எடையையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எது சரியாக்கியது என்று தெரியாது. நாளைக்கு அதே கோளாறு திரும்ப வரும்.

## ஓடவிட்டதும் எல்லாம் வெடித்துச் சிதறுகிறது

முதல் நொடியிலேயே சிதறினால்: இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரையப்பட்டிருக்கின்றன. மென்பொருள் அவற்றைப் பிரிக்கப் பார்க்கிறது, அந்தத் தள்ளல்தான் வெடிப்பாகத் தெரிகிறது. ஓட்ட வேகத்தை மிகக் குறைத்து, எந்த ஜோடி முதலில் விலகுகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ஏறியிருந்தாலும் போதும், அதனால் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. தள்ளி வைக்க முடிந்தால் தள்ளி வையுங்கள். அச்சில் கோத்த பாகங்கள் போல ஒன்றன்மேல் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்றால், இரண்டையும் வேறுவேறு மோதல் அடுக்கில் போடுங்கள். அல்கோடூவில் பொதுவான அடுக்கு ஒன்றாவது இருந்தால்தான் இரண்டும் மோதும். பாக்ஸ்2டியில் ஓர் இணைப்பால் சேர்ந்த இரு பாகங்கள் இயல்பாகவே மோதாது. யாராவது அந்த விருப்பத்தை மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சற்று நேரம் நடுங்கிவிட்டுப் பிறகு சிதறினால்: ஒரே இரண்டு பாகங்களுக்கு நடுவில் இரண்டு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை ஒட்டிவிட்டு, பிடிக்கவில்லையோ என்று மேலேயே ஓர் அச்சும் குத்தியிருப்பார்கள். கூடுதலாக உள்ளதை நீக்கினால் நடுக்கம் அடங்கிவிடும்.

ஸ்பிரிங் உள்ள காட்சி என்றால்: ஸ்பிரிங்கின் விறைப்பு அளவு மீறியிருக்கலாம். ஸ்பிரிங்கை நேரடி விசையாகக் கணக்கிடும் நிரலில், நொடிக்கு 60 படி (அதாவது நொடிக்கு 60 முறை கணக்கிட்டு) ஓட்டும்போது 1 கிலோ பொருளுக்கு மீட்டருக்கு 14,400 நியூட்டன்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிச் சிதறும். பொருள் 10 கிராம் என்றால் எல்லை வெறும் 144. பலரும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நுனியில் தொங்கும் பொடிப் பொருளின் எடையைக் கூட்டுவது அதைவிட எளிது. பாக்ஸ்2டியில் ஸ்பிரிங்கை அதிர்வெண்ணாகக் கொடுக்கும் இடங்களில், படி எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே, அதாவது 60 படிக்கு 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வையுங்கள்.

இதில் எதுவும் இல்லை என்றால்: நொடிக்கு உள்ள படிகளை இரட்டிப்பாக்குங்கள். இது கணினிக்குப் பாரம். ஆகவேதான் கடைசியில் சொல்கிறேன்.

## பந்து சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது

மென்பொருள் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை, படிப்படியாகத்தான் பார்க்கிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து, 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர், நொடிக்கு 60 படி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 18 மீட்டர் வேகத்தைத் தாண்டினால், ஒரு படியில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம். மோதியதாகவே பதிவாகாது. 18 மீட்டர் வேகம் பெரிய வேகமும் இல்லை. 17 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே வந்துவிடும்.

சுவரைத் தடிமனாக்குங்கள். பாதிக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும். சுவரின் பின்பக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஒரு மீட்டர் தடிமன் வைத்தாலும் கேட்பார் இல்லை.

அசையாத சுவரைத் தாண்டினால்: பாக்ஸ்2டியில் இது இயல்பாக நடக்கக் கூடாது, அசையாப் பொருளோடு மோதுவதை அது தொடர்ச்சியாகவே சோதிக்கும். நடந்தால், சுவர் உண்மையில் அசையாப் பொருளாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேட்டர் ஜேஎஸ்ஸில் அந்தத் தொடர்ச் சோதனை கிடையாது. அதனால் தடிமன், வேகக் கட்டுப்பாடு, கூடுதல் படிகள் என்ற இந்த மூன்று வழிதான்.

நகரும் பலகையையோ வேறு பந்தையோ தாண்டினால்: பாக்ஸ்2டியில் வேகமாகப் போகும் பொருளுக்கு மட்டும் 'புல்லட்' குறியைப் போடுங்கள், நகரும் பொருள்களோடு மோதுவதையும் தொடர்ச்சியாகச் சோதிக்கச் சொல்லும் குறி அது. எல்லாவற்றுக்கும் போட்டால் கணினி திணறும்.

மெதுவாகப் போகும் பொருளே தாண்டினால்: வேகம் காரணமில்லை. இரண்டும் வேறுவேறு மோதல் அடுக்கில் கிடக்கின்றன.

## கிண்ணத்துக்குள் பந்து விழவில்லை, வாயிலேயே நிற்கிறது

இது நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும். பாக்ஸ்2டி பலகோணம் உட்குழிவை ஏற்காது, முனைகளும் இயல்பாக 8 வரைதான். நீங்கள் கொடுத்த கிண்ணம் உள்ளே மூடிய கட்டியாகிவிட்டது; திரையில் காட்டும் படம் மட்டும் கிண்ணம். அடிப்பலகை ஒன்று, பக்கப்பலகை இரண்டு என்று மூன்று துண்டாக ஒரே பொருளில் சேருங்கள். மோதல் எல்லைக்கோட்டைக் காட்டும் பிழைதிருத்த வரைவை எப்போதும் ஓர் ஓரத்தில் ஓடவிட்டு வைத்தால் இந்த மாதிரி மாயம் எல்லாம் உடனே வெளுத்துவிடும்.

## சக்கரம் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் வண்டி நகரவில்லை

சக்கரம் சுற்றுகிறது, வண்டி அந்தரத்தில் நிற்கிறது: அச்சு பின்னணியில் குத்தியிருக்கிறது. அச்சைக் குத்தும்போது சுட்டிக்குக் கீழே ஒரே ஒரு பொருள்தான் இருந்தது என்றால், மென்பொருள் அதைப் பின்னணியோடு மாட்டிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களின் காட்சிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அச்சை நீக்கி, வண்டியின் உடலும் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் மறுபடி குத்துங்கள். மூன்று பொருள் அடுக்கியிருந்தால் மேலே உள்ள இரண்டு மட்டும் இணையும் என்பதையும் மறக்காதீர்கள்.

சக்கரமே சுற்றவில்லை, மோட்டார் இயங்குகிறது: முறுக்குவிசை போதவில்லை. வேகத்தை ஏற்றுவார்கள், அது உதவாது. கணக்கு சின்னதுதான்: அரை மீட்டர் ஆரமுள்ள உருளையில் கயிறு சுற்றி 10 கிலோவைத் தூக்க, வெறுமனே தாங்கி நிற்கவே 49 நியூட்டன் மீட்டர் வேண்டும். நகர்த்த அதற்கு மேல் கொடுங்கள். அல்லது உருளையின் ஆரத்தைப் பாதியாக்குங்கள், தேவையும் பாதியாகும்.

சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி இருந்த இடத்திலேயே வழுக்குகிறது: உராய்வு குறைவு. சக்கரத்தின் உராய்வை மட்டும் பார்க்காமல் தரையின் உராய்வையும் பாருங்கள். ஒன்று சுழி என்றால் இன்னொன்றை எவ்வளவு ஏற்றினாலும் பெரும்பாலான மென்பொருள்களில் பலன் சுழிதான்.

ஒரு வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறது: பாக்ஸ்2டியின் 2ஆம் பதிப்புகளில் ஒரு படிக்குக் கால் சுற்றுக்கு மேல் எந்தப் பொருளும் சுழல முடியாது. 60 படிக்கு அது நிமிடத்துக்கு 900 சுற்று. இது கோளாறு இல்லை, வரம்பு.

## பற்சக்கரம் சிக்குகிறது, பல் தாவுகிறது

முதலில் மையத்துக்கு மையம் தூரத்தை அளவிடுங்கள். 12 பல், 36 பல் சக்கரங்கள் சரியாகக் கவ்வ வேண்டும் என்றால் ஆரங்கள் 1:3 ஆக இருக்க வேண்டும், சின்னது 10 சென்டிமீட்டர் என்றால் பெரியது 30, மைய தூரம் 40. இங்கே ஆரம் என்பது பல்லின் நுனி வரை இல்லை, பல்லின் நடு உயரம் வரை. நுனியை வைத்து அளந்தால் பற்கள் ஒன்றையொன்று தொடாமலே சுற்றும். அடிவரை வைத்து அளந்தால் இறுகிவிடும். சரியான தூரத்தில் வைத்தும் இறுகினால், ஒரு மயிரிழை விலக்குங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பதே நல்லது.

மெதுவாகச் சுற்றும்போது சரியாக இருந்து, வேகமெடுத்ததும் தாவுகிறதா? 36 பல் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், நொடிக்கு 36 பல் கடக்கிறது. 60 படியில் பார்த்தால் ஒரு படிக்குள் அரைப் பல்லுக்கும் மேல் நகர்ந்துவிடுகிறது. இந்தப் பல் எந்த இடுக்கில் இருந்தது என்றே மென்பொருளுக்குத் தெரியாது. பல்லின் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிதாக்குங்கள், அல்லது வேகத்தைக் குறைத்துவிட்டுப் படிகளை ஏற்றுங்கள்.

பல்லோடு பல் மோதுவதைக் காட்டுவது நோக்கமில்லை, வேக விகிதம் மட்டும் போதும் என்றால், நிரல் எழுதுகிறவர்கள் பாக்ஸ்2டியின் 2ஆம் பதிப்புகளில் உள்ள பற்சக்கர இணைப்பைப் பயன்படுத்தலாம். இரண்டு வட்டம், ஒரு விகிதம், சிக்கலே இல்லை. பல்லை அலங்காரமாக மேலே வரைந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மூன்று சக்கரத்துக்கு மேல் போகும் எந்தப் பொறிக்கும் இதுதான் வழி.

## கயிறு ரப்பர் போல நீள்கிறது

திரையில் கயிறாகத் தெரிவது பல துண்டுகள் கோத்த சங்கிலி. பொடித் துண்டுகளின் நுனியில் கனமான பொருளைத் தொங்கவிட்டால் இணைப்புகள் ஈடுகொடுக்காமல் விலகும். துண்டு ஒன்றின் எடைக்கும் தொங்கும் சுமைக்கும் 1:10க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். சுமையைக் குறைக்கலாம், துண்டுகளைக் கனமாக்கலாம். துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இரண்டையும்விடச் சுலபம், முதலில் அதைச் செய்யுங்கள்.

இது போதவில்லை என்றால், நேராகத் தொங்கும் கயிறுக்கு முதல் துண்டையும் சுமையையும் சேர்த்து, 'இந்த நீளத்துக்கு மேல் விலகாதே' என்று ஒரு தூர வரம்பு இணைப்பைப் போடலாம். கப்பியில் சுற்றி வரும் கயிற்றுக்கு இது ஆகாது. அங்கே, ஒவ்வொரு படியிலும் இணைப்புகளைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுற்றுகளின் எண்ணிக்கையை ஏற்றிப் பாருங்கள். பாக்ஸ்2டியின் 2ஆம் பதிப்புகளுக்குப் பரிந்துரைத்த அளவு வேகத்துக்கு 8, இடத்துக்கு 3.

## கணக்குப் போட்டால் ஒரு விடை, திரையில் வேறு விடை

மாணவர்களும் ஆசிரியர்களும் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். மென்பொருளைத் திட்டுவதும் இங்கேதான் அதிகம், நியாயமே இல்லாமல்.

கப்பியின் இரு பக்கமும் எடை தொங்குகிறது, வேகம் குறைவாக இருக்கிறது. ஒரு பக்கம் 2 கிலோ, மறுபக்கம் 1 கிலோ. பாடப்புத்தகக் கணக்குப்படி முடுக்கம் 3.27 வர வேண்டும். திரையில் 2.45 வருகிறது. பாடப்புத்தகத்தின் கப்பிக்கு எடை கிடையாது. நீங்கள் வரைந்த கப்பிக்கு இருக்கிறது. கப்பியைக் கிளிக் செய்து எடையைப் பாருங்கள். 2 கிலோ வட்டத் தட்டு என்றால், அதைச் சுழற்றவே 1 கிலோவுக்குச் சமமான பாரம் கூடும். மொத்தம் 4 கிலோ, முடுக்கம் 9.81ல் கால் பங்கு, அதுதான் 2.45. மென்பொருள் சொன்னதுதான் சரி. கப்பியின் அடர்த்தியைக் குறைத்தால் பாடப்புத்தக விடையை நெருங்கும். ரொம்பவும் குறைத்தால் கயிறு நீளும் தொல்லை வரும், அளவாகக் குறையுங்கள்.

அசையவே இல்லை. கப்பி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாமல் இறுகிய கப்பியில், உராய்வு 0.5 உள்ள கயிறு அரைச் சுற்று தழுவியிருந்தாலே, ஒரு பக்கத்து 1 கிலோ மறுபக்கத்து 4.8 கிலோவைப் பிடித்து நிறுத்திவிடும். அச்சுக்குப் பதில் ஒட்டுக் கருவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். சரியாக அச்சுக் குத்தியும் சுற்றவில்லை என்றால், கப்பி பக்கத்துப் பலகையில் உரசுகிறது.

எடை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். இரு பரிமாண மென்பொருளில் எடை என்பது பரப்பளவை அடர்த்தியால் பெருக்கியது. பெட்டியை இழுத்து இரு மடங்கு பெரிதாக்கினால் எடை நான்கு மடங்கு. நெம்புகோல் ஏன் சமநிலைக்கு வரவில்லை என்று தேடும்போது பெரும்பாலும் இதுதான் அகப்படும். நெம்புகோலின் தண்டுக்கும் எடை உண்டு. தாங்குபுள்ளி நடுவில் இல்லை என்றால் தண்டின் எடை ஒரு பக்கத்துக்குச் சாதகமாக வேலை செய்யும்.

சாய்தளத்தில் தப்பான கோணத்தில் வழுக்குகிறது. தளத்துக்கு 0.2, பெட்டிக்கு 0.8 என்று உராய்வு கொடுத்தால் பலன் என்ன? பாக்ஸ்2டி இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுக்கும், 0.4. மேட்டர் ஜேஎஸ் சிறியதை எடுக்கும், 0.2. முதலாவதன்படி கணக்கில் 22 டிகிரி வரை பெட்டி நிற்கும், இரண்டாவதன்படி 11 டிகிரிதான். குழப்பம் வேண்டாம் என்றால் இரண்டு பொருளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுங்கள்.

ஊசல் சீக்கிரம் நின்றுவிடுகிறது. காற்றுத் தடையை அணையுங்கள். அல்கோடூவில் அதற்குத் தனிப் பொத்தானே உண்டு. மேட்டர் ஜேஎஸ்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் 0.01 என்று கேட்காமலே ஒட்டியிருக்கும். சிறிய எண்போலத் தெரியும். ஆனால் அது படிக்கு ஒரு சதவீதம். 60 படிக்குப் பிறகு வேகத்தில் 55 சதவீதம்தான் மிஞ்சும். அணைத்த பிறகு 1 மீட்டர் ஊசல் போய்த் திரும்ப 2 நொடி எடுக்கிறதா என்று சரிபாருங்கள், சின்ன ஆட்டமாக விட வேண்டும்.

மீள்தன்மை 1 (மோதிய வேகம் குறையாமல் துள்ள வேண்டிய அளவு) கொடுத்தும் பந்து துள்ளலை நிறுத்திவிடுகிறது. பாக்ஸ்2டியில் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழான மோதலில் துள்ளல் கிடையாது. அதாவது சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த வரம்பை மாற்ற முடியும். ஆனால் மாற்றினால் அடுக்கி வைத்த பெட்டிகள் ஓயாமல் நடுங்கும்.

## எல்லாம் மெதுவாக மிதக்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள். மென்பொருளின் நேரமும் கைக்கடிகாரமும் ஒன்றாக ஓடுகின்றனவா?

ஒன்றாக ஓடினால்: பொருள்கள் மிகப் பெரியவை. திரையின் ஒரு புள்ளியை ஒரு மீட்டராக எடுத்துக்கொண்டால், 100 புள்ளிப் பெட்டி முப்பது மாடிக் கட்டிட உயரம். அந்த உயரத்துக்கு அது விழும் வேகம் சரியே. பாக்ஸ்2டி 0.1 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரையுள்ள நகரும் பொருள்களுக்காகச் சீர் செய்யப்பட்டது, அதற்குள் சுருக்குங்கள். ஈர்ப்பை ஏற்றிச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், எல்லாக் கணக்கும் குழம்பும்.

மென்பொருள் நேரம் பின்தங்கினால்: கணினி திணறுகிறது. நீர்த்துளிகள் இருந்தால் முதலில் அவற்றைக் குறையுங்கள், தேவையற்ற துண்டுகளை நீக்குங்கள், ஏற்றி வைத்த படிகளை இறக்குங்கள். மடிக்கணினி என்றால் மின்சேமிப்பு முறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜரை மாட்டுங்கள். புதுக் கணினி வாங்குவது கடைசி யோசனை, பெரும்பாலும் தேவைப்படாது.

மாறாக, ஒருவர் கணினியில் மட்டும் வேகமாக ஓடினால்: திரை ஒரு முறை புதுப்பிக்கப்படுவதற்கு (ஃபிரேம்) ஒரு படி என்று நிரல் எழுதப்பட்டிருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 2.4 மடங்கு வேகம். படியின் நேர அளவை நிலையாக வைத்து, கடந்த நேரத்துக்கு ஏற்ப எத்தனை படி என்று முடிவு செய்யுமாறு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முடிவு மாறுவதற்கும் பல நேரம் இதே காரணம். இரட்டை ஊசல் போன்றவற்றில் மட்டும், மயிரிழை வித்தியாசமும் பெரிதாகிவிடும்; அதைத் திருத்த வேண்டியதில்லை.

## திறக்கவே இல்லை, கருப்புத் திரை

உலாவியில் ஓடுவது என்றால் வன்பொருள் முடுக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள், வேறு உலாவியில் முயலுங்கள். நிறுவியது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். பழைய ஃபிளாஷ் சிமுலேஷன் என்றால் முயற்சியே வேண்டாம்: அடோபி 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரில் எதுவும் ஓடாது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் பல சிமுலேஷன்கள் எச்டிஎம்எல்5 வடிவில் கிடைக்கின்றன. இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.

அல்கோடூவின் ஒரு கோப்பு மட்டும் திறக்கவில்லை என்றால், நகல் எடுத்து, கோப்புப் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான். உள்ளே காட்சி முழுவதும் எழுத்தாகவே இருக்கும். பிரிந்தால் பொருள்களை மீட்க வழி உண்டு, பிரியவே இல்லை என்றால் கோப்பு சிதைந்துவிட்டது, பழைய நகலைத் தேடுங்கள்.

## எப்போது அடுத்தவரைக் கூப்பிடுவது

டிரைவரைப் புதுப்பித்தும் எல்லா முப்பரிமாண மென்பொருளும் கருப்பாகவே வந்தால், அல்லது ஓட்டும்போது கணினியே அணைந்துபோனால், கணினி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அது சூடோ கிராஃபிக்ஸ் அட்டையோ, காட்சியில் எதை மாற்றியும் பயனில்லை.

5 மீட்டர் சோதனை சரியாக வந்து, காட்சியில் மூன்று நான்கு பொருளே மிஞ்சும் வரை நீக்கியும் கோளாறு நீடித்தால், மென்பொருளை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். முழுக் காட்சியை அனுப்பாதீர்கள், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்த மூன்று நான்கு பொருள் கொண்ட கோப்பு, பதிப்பு எண், என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, இவ்வளவு போதும்.

திரையில் ஓடிய பொறியை நிஜத்தில் செய்து அதில் ஆளோ கனமான சுமையோ ஏற்றப் போகிறீர்கள் என்றால், இயந்திரப் பொறியாளரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். இந்த மென்பொருள்களில் கயிறு அறுவதையும் தண்டு வளைவதையும் அச்சு தேய்வதையும் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை.